காட்டில் ஞாயிறா, தெருவில் செவ்வாயா: லண்டனில் ஓரியன்டீரிங் தொடங்க நினைக்கும் குடும்பங்களுக்கு

தமிழ்ப்பள்ளி விடுவதற்காகக் காத்து நின்றபோது ஒரு அக்கா பிடித்துக்கொண்டார். "நீங்க குடும்பத்தோட மேப்பைக் கையில வச்சுக்கிட்டு காட்டுக்குள்ள சுத்துறீங்களாமே, நாங்களும் வரலாம்னு பார்க்கிறோம். எதுல சேர்றது?" அவர் வீட்டுக்காரர் சனிக்கிழமை தவறாமல், பூங்காவில் நடக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டமான பார்க்ரன் ஓடுகிறவர். பையனுக்குப் பதினொரு வயது, பெண்ணுக்கு ஏழு. அக்காவுக்கு நடக்கப் பிடிக்கும், ஓடச் சொன்னால் முகம் மாறிவிடும். கிளப்பின் நிகழ்ச்சிப் பட்டியலை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, கிரீன், ஸ்கோர், அர்பன், ஸ்ட்ரீட் என்று நீண்டுகொண்டே போனதால் மூடி வைத்துவிட்டாராம். "பெயின்ட் கடை கேட்லாக் மாதிரி இருக்குங்க" என்றார்.

வாசலில் நின்று சொன்னது அரைகுறையாகப் போய்விட்டது, அதனால் எழுதிவிடுகிறேன். நாங்கள் இருப்பது டூட்டிங். தென் லண்டன் உதாரணங்கள்தான் அதிகம் வரும். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு பக்கம் இருப்பவர்களுக்கு எப்பிங் காடு இருக்கிறது, கணக்கு அங்கும் இதேதான்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கையில் ஒரு வரைபடம், ஒரு காம்பஸ். வரைபடத்தில் ஊதா நிற வட்டங்கள் வரிசை எண்ணோடு இருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும், நிஜத்தில், ஆரஞ்சும் வெள்ளையுமான சிறிய துணிக்கொடி ஒன்று தொங்கும். அதுதான் கண்ட்ரோல். விரலில் மாட்டிய 'டிப்பர்' என்ற சின்னக் குச்சியை அங்கிருக்கும் பெட்டியின் துளையில் விட்டால் 'பீப்' என்று நேரம் பதிவாகும். வரிசை மாறாமல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது உங்கள் பாடு.

பெரும்பாலான கிளப்புகளின் முதுகெலும்பு வார இறுதிக் காலையில், பெரும்பாலும் ஞாயிறன்று, காட்டிலோ பெரிய பூங்காவிலோ நடக்கும் வண்ணக் கோர்ஸ் நிகழ்ச்சி. கஷ்டத்துக்கும் நீளத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு ஓட்டப் பாதைக்கும், அதாவது கோர்ஸுக்கும், ஒரு நிறத்தின் பெயர். முதலில் இங்கேதான் வரச் சொல்வேன். ஆனால் இங்கேதான் எல்லோரும் தவறான நிறத்தைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான்.

நிறங்களின் பெயருக்குப் பக்கத்தில் கிலோமீட்டர் போட்டிருக்கும். வெள்ளை ஒன்றரை, மஞ்சள் இரண்டு, ஆரஞ்சு மூன்று, கிரீன் நான்கு, ப்ளூ ஆறு, பிரவுன் ஒன்பது, எல்லாம் ஏறத்தாழ. பார்க்ரனில் 5 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் முடிக்கிற ஆள் நான். வெள்ளை, மஞ்சள் எல்லாம் குழந்தைகளுக்கு, ஆரஞ்சு அதற்கு அடுத்த படி என்று முடிவுகட்டி, கிரீன் 4.1 கிலோமீட்டர்தானே என்று அதில் பெயர் கொடுத்தேன். அரை மணி நேரம், அதிகம் போனால் நாற்பது நிமிடம் என்று மனதுக்குள் கணக்கு. வெளியே வந்தபோது ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

நான் கவனிக்காமல் விட்ட விஷயங்கள் இரண்டு. ஒன்று, கோர்ஸின் நீளத்தைக் கொடிக்குக் கொடி நேர்கோட்டில் அளப்பார்கள், காக்கை பறக்கிற தூரம். காலால் போகும்போது 4 என்பது சுலபமாக ஐந்தரை ஆகிவிடும், வழிதவறினால் அதற்கும் மேல். இரண்டாவதுதான் முக்கியம். பிரிட்டனில் கோர்ஸ்களின் கஷ்டத்துக்கு ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள். வெள்ளை முதல் படி: முழுக்கப் பாதையிலேயே போகலாம், திரும்ப வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு கண்ட்ரோல் நிற்கும். மஞ்சள் இரண்டாவது: பாதை, வாய்க்கால், வேலி என்று ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். ஆரஞ்சில்தான் முதல்முறையாகப் பாதையை விட்டு இறங்கச் சொல்வார்கள், ஆனால் கொஞ்சம் தாண்டிப் போய்விட்டாலும் பின்னால் ஒரு பெரிய பாதையோ ஓடையோ வந்து உங்களைத் தடுத்து நிறுத்தும். லைட் கிரீன் நான்காவது. அதற்கு மேல் கிரீன், ப்ளூ, பிரவுன், பிளாக் எல்லாமே ஐந்தாவது படி. ஆக, கிரீன் என்பது பிரவுனின் குட்டித் தம்பி. தூரம் குறைவு, மண்டை உடைவது ஒரே அளவு. வயதான கில்லாடிகள் கால் தளர்ந்த பிறகு ஓடுகிற கோர்ஸ் அது. அதில் போய்ப் புதுமுகம் விழுவது, எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்குப் படித்துவிட்டு ஐ.ஏ.எஸ். அறைக்குள் போய் உட்கார்ந்த கதை.

நடந்தது விம்பிள்டன் காமன் என்ற பெரிய பொதுவெளியில். ஆறாவது கண்ட்ரோலுக்கு நேரே கொடுத்திருந்த குறிப்பில் ஆங்கில 'வி' மாதிரி ஒரு குறி. குழி என்று அர்த்தம். பாதையை விட்டு எண்பது மீட்டர் உள்ளே போனால் குழி இருக்கும் என்று வரைபடம் சொன்னது. இறங்கினேன். ஹாலிப் புதர், பிர்ச் மரம், இடுப்புயர முட்கொடி. குழி இருந்தது. கொடி இல்லை. பக்கத்தில் இன்னொரு குழி, அதிலும் இல்லை. அந்தக் காமன் முழுக்கக் குழிகள்தான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபத்தைந்து நிமிடம் சுற்றினேன். கடைசியில் காதுதான் கைகொடுத்தது. காமனின் மேற்கு ஓரத்தையொட்டி ஏ3 சாலை போகிறது. அந்த இரைச்சல் இடப்பக்கம் கேட்க வேண்டும், எனக்கு வலப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வடக்கே போவதாக நினைத்துத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். காம்பஸ் சரியாகத்தான் காட்டியது, நான்தான் அதைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தேன். பாதைக்குத் திரும்பி, நிச்சயமாகத் தெரிந்த ஒரு சந்திப்பிலிருந்து அடி எண்ணிக்கொண்டு மறுபடி உள்ளே இறங்கியபோது, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்துவந்து, நான் மூன்று தரம் தாண்டிப் போயிருந்த புதருக்குப் பின்னால் குனிந்து, 'பீப்' வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். ஓடவில்லை. ஒரு அடிகூட ஓடவில்லை.

அதே காலையில் என் மனைவியும் மகளும் மஞ்சளை 38 நிமிடத்தில் முடித்துவிட்டு, காரில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு அப்போது எட்டு வயது. வரைபடத்தை எப்போதும் நிஜத்தோடு பொருத்தித் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பதையும், நிற்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும் என்பதையும் தொடக்கத்தில் நின்ற தன்னார்வலர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். எனக்கும் சொல்ல வந்தார். தெரியும் என்றேன்.

எனவே அக்கா வீட்டுக்காரருக்கு ஆரஞ்சு. அவர் கிரீன் என்று அடம்பிடிப்பார், விடாதீர்கள். பதினொரு வயதுப் பையனுக்கு மஞ்சள், முதல்முறை யாராவது பத்தடி பின்னால் நடந்தால் போதும், வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த தடவை அவனே போய்விடுவான். ஏழு வயதுக்கு வெள்ளை. அம்மாவும் மகளும் கைகோத்துக்கொண்டு நடக்கலாம், சேர்ந்து போவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. இதில் ஒரு பெரிய வசதி, நால்வரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டியதில்லை. காலையில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தொடக்க நேரம் திறந்திருக்கும். ஒருவர் போய்வந்ததும் மற்றவர் போகலாம், பிள்ளையை யாரிடம் விடுவது என்ற பிரச்சினை கிடையாது.

அடுத்தது செவ்வாய் இரவு. குளிர்காலத்தில், இருட்டு நான்கு மணிக்கே இறங்கிவிடுகிற மாதங்களில், லண்டன் கிளப்புகள் வார நாள் மாலையில் ஸ்ட்ரீட்-ஓ, அதாவது தெரு ஓரியன்டீரிங், நடத்துகின்றன. ஏதாவது ஒரு பப் தான் கூடும் இடம். தெருப் பெயர்கள் இல்லாத வரைபடம் ஒன்றைத் தருவார்கள். அதில் முப்பது நாற்பது புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், தொலைவில் இருப்பதற்கு அதிகம். 60 நிமிடம். எந்த வரிசையிலும் போகலாம், எதையும் விடலாம். கொடி கிடையாது. அங்கே இருக்கிற விளக்குக் கம்பத்தின் எண் என்ன என்பது போல ஒரு கேள்வி இருக்கும், பதிலைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். இப்போது பல இடங்களில் ஜி.பி.எஸ். வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கிற மேப்ரன் செயலி வந்துவிட்டது, ஃபோனே பீப் அடிக்கிறது. ஒரு மணி நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பெண் வெட்டு உண்டு.

காட்டோடு ஒப்பிட்டால் இது வேறு மூளை. காட்டில் 'நான் எங்கே நிற்கிறேன்' என்பதே கேள்வி. தெருவில் அது பெரும்பாலும் தெரிந்துவிடும், 'எதை விட்டுவிடுவது' என்பதுதான் கேள்வி. தீபாவளிப் பட்ஜெட் போடுகிற மனசு வேண்டும். பார்க்ரன் ஓடுகிறவருக்கு இதுதான் சொர்க்கம், ஏனென்றால் கால் வேகத்துக்கு இங்கே உடனே கூலி கிடைக்கும். ஆனாலும் வேகத்தை நம்பி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை எங்கள் பக்கத்துத் தெருக்களிலேயே வரைபடம் போட்டிருந்தார்கள். பழகின இடம், அடித்துவிடலாம் என்று போனேன். நாற்பதாவது நிமிடத்தில் அப்பர் டூட்டிங் சாலையைக் கடக்கும்போது ஒரு கடையிலிருந்து நெய் தோசை வாசனை. ஒரு நிமிடம் நின்றிருப்பேன், அதற்குப் பிறகு கணக்கே குழம்பிவிட்டது. ஒரே மாதிரியான செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கிற தெருக்களில் ஒரு சந்து முன்னதாகத் திரும்பி, நான்கு நிமிடம் தாமதமாக வந்து, சேர்த்ததில் கணிசமானதை இழந்தேன்.

பிள்ளைகளோடு இது சரிப்படாது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடுகிற தெருக்களில் 16 வயதுக்குட்பட்டவர்களைத் தனியே விடமாட்டார்கள், விடவும் கூடாது. பெரியவரோடு வரலாம்தான். இரவு எட்டு மணிக்கு, மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கும்போது, ஏழு வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டு யார் ஓடுவது? ஆகவே வீட்டுக்காரருக்கு மட்டும், தலைவிளக்கும் ஒளிரும் மேல்சட்டையும் போட்டு அனுப்பிவையுங்கள். பப் என்பதால் சங்கடம் வேண்டாம். நான் குடிக்கிறவன் இல்லை. சிப்ஸும் எலுமிச்சை சோடாவும் வாங்கி உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் தன் வரைபடத்தை விரித்து, "இந்த இடத்தில் நீ ஏன் இடது பக்கம் போனாய்?" என்று விரலால் கோடு போட ஆரம்பித்துவிடுவார். நான் கற்றதில் பாதி அந்த மேசைகளில்தான்.

"இதெல்லாம் எதுக்கு, நிரந்தரக் கோர்ஸ்னு பூங்காவுல மரக்கம்பம் நட்டு வச்சிருக்காங்களே, வரைபடத்தை எடுத்துக்கிட்டு நாமளே ஒரு மத்தியானம் போயிட்டு வந்தா போச்சு" என்று நினைக்கலாம். மேப்ரனிலும் அப்படியே, யாரோ போட்டுவைத்த கோர்ஸை எந்த நாளிலும் ஓடலாம். செலவு கிட்டத்தட்ட இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போது நாங்களும் இதைத்தான் செய்கிறோம். அப்பாவுக்கு வேட்டி மடித்துக் கட்டிய காலத்து வயல்வரப்பு நினைவு வந்து கம்பம் தேடுவதில் எங்களை மிஞ்சிவிடுவார். ஆனால் தொடக்கமாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய கம்பம் விழுந்திருக்கும், இல்லாத கம்பத்தைத் தேடி அரை மணி நேரம் போகும், தப்பு உங்களுடையதா கம்பத்தினுடையதா என்று சொல்ல ஆள் இருக்காது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். தடுமாறினால் சரியான இடத்தில் நின்றும் ஃபோன் வாய் திறக்காது. முதல் அனுபவமே இப்படி அமைந்தால் பிள்ளைகள் அதற்குப் பிறகு வரமாட்டார்கள்.

பட்டியலில் 'அர்பன்' என்று வருகிற நகரப் பந்தயங்கள் இன்னொரு ரகம். சிட்டி ஆஃப் லண்டன் பந்தயம் 2008இல் தொடங்கியது. பார்பிகன் குடியிருப்பு வரைபடத்தில் வந்தால் வேடிக்கை பார்க்கவே போகலாம். இரண்டு மூன்று தளங்களில் நடைபாதைகள், முப்பது மீட்டர் தள்ளித் தெரிகிற கொடிக்குப் போக எந்தப் படிக்கட்டு என்று தெரியாமல் நல்ல ஓட்டக்காரர்கள் தூணைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். தடித்த கறுப்புக் கோடு என்றால் தாண்டக் கூடாத சுவர், மங்கிய பச்சை என்றால் நுழையக் கூடாத இடம். நிஜத்தில் முழங்கால் உயரச் செடிதான் என்றாலும் தாண்டினால் ஆட்டத்திலிருந்து நீக்கம். இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் விடுமுறையில் நான்கு நாள் நடக்கும் ஜே.கே. திருவிழாவையும் இரண்டாம் ஆண்டுக்கே தள்ளலாம். 1967இல் தொடங்கியது. பிரிட்டனில் இந்த விளையாட்டை வளர்க்க உழைத்து, அதே ஆண்டில் சாலை விபத்தில் இறந்த ஸ்வீடன்காரர் யான் செல்ஸ்ட்ரோமின் (Jan Kjellström) பெயரில் நடக்கிறது. அவர் குடும்பம் சில்வா காம்பஸை உருவாக்கிய குடும்பம். வெள்ளி குறுந்தூர ஓட்டம், சனி நடுத்தரம், ஞாயிறு நெடுந்தூரம், திங்கள் தொடர் ஓட்டம். பத்து வயதில் தொடங்கி எண்பதைத் தாண்டியவர்கள் வரை வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு. 35 ஆனாலே உங்களை மூத்தோர் பிரிவில் சேர்த்துவிடுவார்கள், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். குட்டிகளுக்கு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே போய்ப் படங்களைக் கண்டுபிடிக்கச் செய்கிற ஸ்ட்ரிங் கோர்ஸும் இருக்கும். அழகான ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஊர் மாறும், தங்குமிடம், பெட்ரோல், நான்கு நாள் ஈரச் சப்பாத்து என்று செலவு கூடிவிடும். பிடிக்குமா என்றே தெரியாதபோது அவ்வளவு பணம் போடாதீர்கள்.

பணம் என்றதும் நினைவு வருகிறது. ஞாயிறு நிகழ்ச்சிக்குப் பெரியவருக்குப் பத்துப் பவுண்டைச் சுற்றி ஆகும், பிள்ளைகளுக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோ. டிப்பரையும் காம்பஸையும் வாடகைக்கு எடுக்கலாம், டிப்பரைத் தொலைத்தால் மட்டும் முழு விலையைக் கட்ட வேண்டும், பிள்ளையின் விரலில் வார் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். உறுப்பினரானால் கட்டணம் குறையும். மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள், முதல் நாளே சேரத் தேவையில்லை. பார்க்ரன் இலவசம்தான், 2004 அக்டோபர் 2 அன்று புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கியதிலிருந்து இன்றுவரை. ஆனால் அது சனிக்கிழமை காலை ஒன்பது மணி, நம் வீடுகளில் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளைக் கிளப்புகிற நேரம். யாராவது ஒருவர்தான் ஓட முடியும். ஞாயிறு அப்படியில்லை. எங்கள் வீட்டில் உண்மையில் முடிவு செய்தது இந்த ஒரு காரணம்தான், மற்றதெல்லாம் பிறகு கண்டுபிடித்த நியாயங்கள்.

உடை விஷயத்தில் கடைக்கு ஓட வேண்டாம். கால் முழுக்க மூடுகிற பழைய பேன்ட், பிடிப்புள்ள சப்பாத்து, ஒரு விசில். ரிச்மண்ட் பார்க்கில் நிகழ்ச்சி என்றால் மான்கள் உண்டு, குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளிப் போங்கள், இலையுதிர் காலத்தில் ஆண்மான்கள் மோதிக்கொள்ளும்போது இன்னும் தள்ளி. மான் இருந்தால் உண்ணியும் இருக்கும். லைம் நோயைப் பரப்பக்கூடியது, வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள்.

இன்னொன்றை இந்த அக்காவிடம் வாசலிலேயே சொன்னேன், எல்லோருக்கும் சொல்கிறேன். பாதியில் விட்டுவிட்டாலும், டிப்பரின் பதிவை எடுக்கிற டவுன்லோட் மேசைக்கு வந்து டிப்பரைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கிளம்பியவர்களில் யார் திரும்பவில்லை என்பதை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஒரு மழை நாளில் ஆறாவது கண்ட்ரோலோடு போதும் என்று நேராகக் காருக்குப் போய் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு பெரியவர்கள் மழையில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே கார் நிறுத்தத்தைக் கடந்தார்கள். அடுத்த நிகழ்ச்சியில் கொடிகளைத் திரட்டி வருகிற வேலைக்கு நானாகவே பெயர் கொடுத்தேன். பிராயச்சித்தமாகத் தொடங்கியது, இப்போது மகளுக்கு ஓட்டத்தைவிட அதுதான் பிடித்திருக்கிறது. எல்லோரும் போன பிறகு, அவசரமில்லாமல், காட்டில் ஒவ்வொரு கொடியாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வருவது. ஓட்டம் பிடிக்காத அக்காவுக்கும் இது ஒத்துவரும் என்று நினைக்கிறேன். கிளப்பில் இதற்கு எப்போதும் ஆள் தேவை.

நேற்று அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. அடுத்த ஞாயிறு வருகிறார்கள். பெண்ணுக்கு வெள்ளை, பையனுக்கு மஞ்சள், எல்லாம் சரி. வீட்டுக்காரர் மட்டும் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நாலு கிலோமீட்டர்தானே, நான் கிரீன் போட்டுக்கிறேன்" என்றிருக்கிறார். மதியச் சாப்பாட்டை அவருக்குத் தனியாகக் கட்டி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.